உங்களுக்குத் தெரியுமா? மெழுகுச் சட்டை போட்ட கிருமிகள்!

கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு பால்பாயின்ட் பேனாவைக் கொடுத்து, அதன் முனையால் உங்கள் கையில் எங்காவது லேசாகத் தொடச் சொல்லுங்கள். தொட்ட இடத்தை விரல் வைத்துச் சரியாகக் காட்டிவிட்டீர்களா? தொழுநோயைக் கண்டுபிடிக்க ஊர் ஊராகச் செய்யும் சோதனை இதுதான்! தோலில் ஒரு தேமல். சுற்றிலும் தொட்டால் தெரிகிறது, தேமலுக்குள் மட்டும் தெரியவில்லை. அவ்வளவுதான், நோய் பிடிபட்டுவிட்டது! ஸ்கேன் கிடையாது. செலவு 0 ரூபாய்!

அந்தத் தேமல் அரிக்காது. வலிக்காது. அதற்குள் வியர்க்காது. முடிகூடச் சரியாக முளைக்காது. ஒரு தொந்தரவும் தராததால்தான் ஆட்கள் வருஷக்கணக்கில் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள்! 'உணர்ச்சியற்ற தேமல்' என்று சுகாதார நிலையச் சுவரில் எழுதியிருப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? ஒரு பாடப்புத்தகத்தையே 2 வார்த்தைக்குள் அடைத்துவிட்டார்கள்!

வெண்குஷ்டம் என்கிறோமே, அது குஷ்டமே இல்லை! கிருமி கிடையாது. ஒட்டாது. பேனா பட்டால் நன்றாகவே தெரியும். தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள் அந்த இடத்தில் இல்லாமல் போகின்றன, விஷயம் இவ்வளவுதான். தமிழக அரசே அந்தப் பெயரைக் கைவிட்டு 'வெண்புள்ளிகள்' என்று மாற்றிவிட்டது. ஒரு தப்பான பெயரால் எத்தனை கல்யாணம் நின்றுபோனதோ, நினைத்தால் வயிறு எரிகிறது!

இப்போது வேகப் போட்டி. குடலில் வாழும் ஈ.கோலை கிருமி 20 நிமிஷத்தில் இரண்டாகப் பிரியும். காசநோய்க் கிருமிக்குக் கிட்டத்தட்ட 20 மணி நேரம் வேண்டும். தொழுநோய்க் கிருமிக்கு? சுமார் 13 நாள்! இது ஒரே ஒரு தடவை பிரிவதற்குள் ஈ.கோலை 900 தடவைக்கு மேல் பிரிந்து முடித்துவிடும்!

அதனால் இன்று உள்ளே போனால் நாளை நோய் வராது. சராசரியாக 5 வருஷம் ஆகும். சிலருக்கு 20 வருஷம், அதற்கு மேலும்கூட! பள்ளிக்கூட வயதில் ஒட்டிய கிருமி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடும் வயதில் முதல் தேமலைக் காட்டும்!

100 பேரில் சுமார் 95 பேரை இந்தக் கிருமி ஒன்றுமே செய்ய முடியாது! உள்ளே நுழைந்தாலும் உடம்பின் எதிர்ப்பு சக்தி துடைத்துப் போட்டுவிடும். பரவுவதும் பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான். அதுவும் மருந்தே எடுக்காத ஒருவரோடு மாசக்கணக்கில் நெருங்கி இருந்தால்தான். கை குலுக்கினால் வராது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் வராது!

1954-ல் வந்த 'ரத்தக்கண்ணீர்' படத்தில் எம்.ஆர். ராதாவைப் பார்த்து நடுங்காதவர் உண்டா? அந்த நடிப்புக்கு ஈடு இணை இல்லை. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: தொழுநோய்க்கும் ஒழுக்கத்துக்கும் முடிச்சே கிடையாது. அது பால்வினை நோய் இல்லவே இல்லை!

மனிதனுக்கு நோய் உண்டாக்கும் பாக்டீரியா என்று முதன்முதலில் கண்ணில் பட்டது எது? காலரா? காசநோய்? இரண்டும் இல்லை, தொழுநோய்க் கிருமி! 1873, நார்வே நாட்டின் பெர்கன் நகரம். மைக்ரோஸ்கோப்பில் அதைப் பார்த்தவர் ஆர்மவர் ஹான்சன். காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் அறிவித்தது அதற்கு 9 வருஷம் கழித்து!

ஹான்சனின் மாமனார் டேனியல்சன் அந்தக் காலத்தின் பெரிய தொழுநோய் நிபுணர். "இது பரம்பரை நோய், ஒட்டவே ஒட்டாது" என்பது அவர் கட்சி. நிரூபிக்க நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்ததைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை! மாப்பிள்ளையோ கிருமியையே காட்டி மாமனாரின் கட்சியைக் கவிழ்த்துவிட்டார்!

அதே ஹான்சன் கோர்ட் படியும் ஏறினார்! ஒரு பெண் நோயாளியின் சம்மதம் கேட்காமல் அவர் கண்ணில் கிருமியை ஏற்றிப் பார்த்தார். 1880-ல் தீர்ப்பு வந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் வேலை பறிபோனது. உலகப் புகழ் பெற்ற ஆளாயிற்றே என்று யாரும் விட்டுவிடவில்லை. 140 வருஷத்துக்கு முன்பே நோயாளியின் சம்மதத்துக்கு அந்த மரியாதை!

இன்னொரு அதிசயம் கேளுங்கள். கிருமியைக் கண்டுபிடித்து 150 வருஷம் தாண்டிவிட்டது. இன்றுவரை ஒருவராலும் அதை ஆய்வுக்கூடத் தட்டில் வளர்க்க முடியவில்லை! முட்டை கொடுத்தார்கள், சூப் கொடுத்தார்கள், ரத்தம் கொடுத்தார்கள். அசையவில்லை. 1960-ல் ஷெப்பர்ட் என்ற அமெரிக்கருக்கு வழி கிடைத்தது. எங்கே தெரியுமா? எலியின் உள்ளங்காலில்!

ஏன் உள்ளங்கால்? குளிர்ச்சியான இடம்! நம் உடம்புச் சூடு 37 டிகிரி. இந்தக் கிருமிக்கு அது அதிகம். 30 முதல் 33 டிகிரிதான் அதற்கு சுகம். மூக்கு நுனி, காது மடல், கை, கால் என்று குளிர்ந்த இடமாகப் பார்த்து உட்காரும். கதகதப்பான அக்குளையும் தொடை இடுக்கையும் பெரும்பாலும் விட்டுவிடும். தொழுநோய் பார்க்கும் டாக்டர்கள் முதலில் காது மடலைப் பிடித்துப் பார்ப்பது இதனால்தான்!

அர்மடில்லோ என்றொரு பிராணி அமெரிக்காவில் இருக்கிறது. முதுகு முழுக்க ஓடு போர்த்தியிருக்கும். அதன் உடம்புச் சூடு 32 முதல் 35 டிகிரி. கிருமிக்கு மாமியார் வீடு! 1971 முதல் உலக ஆய்வுக்கூடங்களுக்குத் தொழுநோய்க் கிருமி சப்ளை இதன் உடம்பிலிருந்துதான். அது ஒரே பிரசவத்தில் 4 குட்டி போடும். நான்கும் அச்சு அசலாக ஒரே மாதிரி, மரபணுவரை!

2022-ல் தெரியவந்த சமாசாரம் இன்னும் அபாரம். கிருமி புகுந்த அர்மடில்லோவின் கல்லீரல் கெட்டுப்போகவில்லை, வளர்ந்தது! கட்டி இல்லை, தழும்பு இல்லை, ரத்தக்குழாய் எல்லாம் ஒழுங்காக, முழு ஆரோக்கியமாகப் பெரிதானது! கண்டுபிடித்த குழுவின் தலைவர் அனுர ரம்புக்கன இலங்கையில் பிறந்தவர். தேய்ந்த கல்லீரலை வளர்க்கும் ரகசியம் ஒரு தொழுநோய்க் கிருமியிடம் இருக்கிறது என்றால் சும்மாவா!

முழங்கை எங்காவது இடித்தால் சுண்டுவிரல்வரை சுர்ரென்று கரண்ட் பாயுமே, அந்த நரம்பு இந்தக் கிருமிக்கு ரொம்பப் பிடித்தமானது. தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது, அதனால் குளிர்ச்சி! நோய் வந்தால் அது கயிறு மாதிரி தடிக்கும். டாக்டர் விரலால் உருட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். கழுத்தைத் திருப்பினால் காதை நோக்கி ஓடும் நரம்பு தடித்துக் கண்ணுக்கே தெரியும்!

தொழுநோயால் விரல் அழுகி விழுந்துவிடும் என்பது பச்சைப் பொய்! கிருமி விரலைத் தின்பதில்லை. நரம்பு செத்து வலி தெரியாமல் போகிறது. சூடான டம்ளரைப் பிடிப்பார், சுடாது. ஆணி ஏறும், குத்தாது. புண் ஆறாது, சீழ் வைக்கும், எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். விரல் விழுவதில்லை, குட்டையாகிறது!

இதை உலகத்துக்குப் புரியவைத்தவர் யார்? நம்ம கொல்லிமலையில் 1914-ல் பிறந்த வெள்ளைக்காரர் பால் பிராண்ட்! செங்கல்பட்டு தொழுநோய் இல்லத்தில் விரல் மடங்கிப்போன ஒருவரிடம் கையைக் கொடுத்தார். அவர் பிடித்தார் பாருங்கள், பிராண்டுக்கு வலியில் உயிர் போனது! அங்கேதான் பொறி தட்டியது. கையை மூடும் தசை நன்றாகத்தான் இருக்கிறது, விரிக்கும் தசைதான் செத்திருக்கிறது. அப்படியானால் வேலை செய்கிற தசையை எடுத்து வேலை செய்யாத இடத்தில் வைத்துத் தைத்தால் என்ன?

தைத்தார்! 1940-களின் கடைசியில், வேலூர் சி.எம்.சி.யில். ஒரு நல்ல தசைநாரை 4 வாலாகப் பிரித்து 4 விரலுக்கும் கட்டினார். நகம் உள்ளங்கையில் குத்தும்படி மடங்கிக் கிடந்த விரல்கள் விரிந்தன. சோறு பிசைந்து வாயில் வைக்க முடிந்தது! உலகம் முழுக்க இன்று நடக்கும் தொழுநோய்க் கை ஆபரேஷனுக்கு ஊற்று வேலூர்!

அதே பிராண்டுக்கு இன்னொரு மர்மம். ராத்திரி படுக்கும்போது இருந்த விரல் நுனி காலையில் காணோம்! நோய் முற்றுகிறதா? இல்லை. ராத்திரி முழித்திருந்து பார்த்தபோது விடை கிடைத்தது: எலி! தூங்குபவரின் விரலைக் கடிக்கிறது, அவருக்குத் தெரியவே இல்லை. பிராண்ட் எழுதிக் கொடுத்த மருந்து என்ன தெரியுமா? பூனை! வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்!

கண் இமை மூடாதவர்களுக்கு ஓர் ஆபரேஷன் உண்டு. மெல்லும் தசையில் ஒரு பகுதியை எடுத்து இமையில் கட்டிவிடுவார்கள். அப்புறம்? பல்லைக் கடித்தால் கண் மூடும்! சாப்பிடும்போதெல்லாம் கண் தானாகச் சிமிட்டும்!

புருவம் உதிர்ந்தவர்களுக்குத் தலைமுடியோடு தோலை எடுத்துப் புருவத்தில் வைக்கிறார்கள். அழகாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அது தலைமுடியாயிற்றே, வளர்ந்துகொண்டே இருக்கும். புருவத்துக்கும் கத்தரி போட வேண்டும்!

சர்க்கரை வியாதிக்காரர்கள் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு போடுகிறார்களே, அது யாருக்காக வந்தது தெரியுமா? உணர்ச்சியற்ற பாதத்தோடு நடந்த தொழுநோயாளிகளுக்காக! வேலூரிலும் கரிகிரியிலும் அவர்கள் பாதத்தைப் பார்த்துப் பார்த்துக் கற்ற பாடம் இன்று லட்சக்கணக்கான சர்க்கரை நோயாளிகளின் காலைக் காப்பாற்றுகிறது. உங்கள் வீட்டு வாசலில் கிடக்கும் அந்தச் செருப்பை இனி வேறு கண்ணால் பார்ப்பீர்கள்!

மருந்துக்கு வருவோம். கையில் ஒரு அட்டை தருவார்கள். 28 நாள் மாத்திரை. கிருமி அதிகம் உள்ள பெரியவர் என்றால் முதல் நாள் மட்டும் 6 மாத்திரை: ரிஃபாம்பிசின் 2, க்ளோஃபாசிமின் 3, டாப்சோன் 1. சுகாதாரப் பணியாளர் கண் முன்னாலேயே விழுங்க வேண்டும். மிச்சம் 27 நாளும் வீட்டில் தினம் 2. இப்படி 12 அட்டை. கூட்டிப் பாருங்கள், மொத்தம் 720 மாத்திரை! கிருமி குறைவாக இருந்தால் 6 மாசத்தில் முடிந்துவிடும். விலை? 1995 முதல் உலகம் முழுக்க இலவசம்!

முதல் நாள் விழுங்கும் அந்த ரிஃபாம்பிசின் ஒரே வேளையில் எவ்வளவு கிருமியைக் கொல்லும்? 99.9 சதவீதம்! சிகிச்சை தொடங்கிய சில நாளிலேயே அவரிடமிருந்து யாருக்கும் ஒட்டாது. தனி அறை வேண்டாம். தனித் தட்டு வேண்டாம்!

அந்த மருந்தின் பூர்வீகம் பிரான்ஸ் கடற்கரையோரப் பைன் காட்டு மண்! 1957-ல் இத்தாலியின் மிலான் நகரத்து ஆய்வாளர்கள் அந்த மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து அதன் மூலப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். பேர் வைக்க வேண்டுமே? அப்போது ஓடிக்கொண்டிருந்த 'ரிஃபிஃபி' என்ற கொள்ளைக்காரப் படத்தின் பேரையே தட்டிவிட்டார்கள். சினிமாப் பேரில் ஒரு உயிர்காக்கும் மருந்து!

டாப்சோன் 1908-லேயே தயார். அது தொழுநோய்க்குக் கைகொடுக்கும் என்று 1940-களில்தான் தெரிந்தது. 30 வருஷத்துக்கு மேல் அலமாரியில் தூங்கியது! க்ளோஃபாசிமின் ஒரு சிவப்புச் சாயம். அயர்லாந்தில் 1954-ல் காசநோய்க்கென்று செய்தார்கள், தொழுநோய்க்குப் போய்ச் சேர்ந்தது. சாப்பிட்டால் தோல் கருஞ்சிவப்பாக மாறும். பயந்து நிறுத்திவிடாதீர்கள். மருந்து முடிந்தபின் மெல்ல மெல்ல நிறம் திரும்பிவிடும்!

நீரடிமுத்து எண்ணெய் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? மாத்திரை வருவதற்கு முன் தொழுநோய்க்கு உலகமே நம்பியது இந்த மர வகையின் எண்ணெயைத்தான்! குடித்தால் குமட்டும். ஊசியாகப் போட்டால் கெட்டியாகி உள்ளேயே நின்றுவிடும். 1915-ல் ஹவாயில் ஒரு பெண் அதை உடம்பு ஏற்கும் ஊசி மருந்தாக மாற்றிக் காட்டினார். ஆலிஸ் பால். கறுப்பினப் பெண். வயது 23! அடுத்த வருஷமே இறந்துபோனார். பேரையும் புகழையும் கல்லூரித் தலைவர் எடுத்துக்கொண்டார். ஆலிஸ் படித்த பல்கலைக்கழகம் அவர் பேரில் ஒரு பலகை வைக்க 2000-ம் வருஷம் வரை ஆனது. எனக்கு இன்னும் ஆறவில்லை!

தாலிடோமைடு! கேட்டாலே உலகம் நடுங்கிய மாத்திரை. கர்ப்பிணிகள் சாப்பிட்டு 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் ஊனத்தோடு பிறந்தன. 1961-ல் கடைகளிலிருந்து எடுத்தார்கள். ஜெருசலேமில் டாக்டர் ஷெஸ்கின் கையில் ஒரு தொழுநோயாளி. உடம்பெல்லாம் கொதிக்கும் கட்டிகள், காய்ச்சல், தூக்கமே இல்லை. அலமாரியில் கிடந்த தாலிடோமைடைத் தூக்க மாத்திரையாகக் கொடுத்தார். தூங்கி எழுந்தவருக்கு வலியே குறைந்துபோயிருந்தது! 1965-ல் உலகுக்குச் சொன்னார். அந்த வகைத் தொழுநோய் எதிர்வினைக்கு இன்றும் அது மருந்து. கர்ப்பிணிகளுக்கு மட்டும் கண்டிப்பாகக் கூடாது!

இனி பங்காளிகள்! காசநோய்க் கிருமிக்கும் தொழுநோய்க் கிருமிக்கும் 190-க்கும் மேல் பங்காளிகள் உண்டு. டாக்டர்கள் சுருக்கமாக என்.டி.எம். என்பார்கள். எல்லாருக்கும் உடம்பைச் சுற்றி மெழுகுச் சட்டை. சிவப்புச் சாயத்தைச் சூடு காட்டி ஏற்றினால் அமிலம் ஊற்றினாலும் போகாது. காசநோய்க் கிருமிக்கு 20 சதவீத கந்தக அமிலம் ஊற்றினாலும் சிவப்பு நிற்கும். தொழுநோய்க் கிருமி கொஞ்சம் மென்மை, 5 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்!

இவை வாழும் இடம் எது? உங்கள் குளியலறை! 2009-ல் அமெரிக்காவில் 9 நகரங்களில் 45 ஷவர்களைக் கழற்றிப் பார்த்தார்கள். தண்ணீரில் இருந்ததைவிட ஷவர் வாய்க்குள் படிந்த வழவழப்பில் ஒரு வகைக் கிருமி 100 மடங்குக்கும் மேல்! குளோரின் போட்டாலும் அந்த மெழுகுச் சட்டை காப்பாற்றிவிடும். பதறாதீர்கள், நல்ல நுரையீரல் உள்ளவரை இவை பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை!

மீன் தொட்டி கழுவுபவரா நீங்கள்? கையில் கீறல் இருந்தால் உறை போட்டுக்கொள்ளுங்கள். மைக்கோபாக்டீரியம் மரினம் அங்கே குடியிருக்கலாம். முதலில் விரலில் ஒரு கொப்புளம். அப்புறம் கை வழியே முழங்கைவரை வரிசையாக முடிச்சு முடிச்சாக ஏறும். 1926-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா மீன் காட்சிசாலையில் செத்த மீன்களில் முதலில் பிடிபட்ட ஆள் இது. இதற்கும் 30 டிகிரிதான் பிடிக்கும்!

கால் நகம் அழகு செய்யப் போய்க் காலில் கட்டி வாங்கி வந்தவர்கள் 110 பேர்! 2000-ம் வருஷம், கலிஃபோர்னியாவில் ஒரே அழகு நிலையம். கால் ஊறவைக்கும் தொட்டியின் வடிகட்டியில் முடியும் அழுக்கும் சேர்ந்து, அதில் மைக்கோபாக்டீரியம் ஃபார்சூயிட்டம் பெருகியிருந்தது. போவதற்கு முன் காலை ஷேவ் செய்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்!

பச்சை குத்தும் மையிலும் வரும்! 2011-12-ல் நியூயார்க் மாநிலத்தில் சாம்பல் நிற மை குத்திக்கொண்டவர்களுக்குத் தோலெல்லாம் பொரிப் பொரியாக. மையில் இருந்தது மைக்கோபாக்டீரியம் கெலோனே!

லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் முடிந்து, துளை ஆறி, தையலும் பிரித்தாகிவிட்டது. ஒரு மாசம் கழித்து அதே துளையில் சின்னக் கட்டி, கசிவு. சாதாரண ஆன்டிபயாடிக் கேட்காது. நம் நாட்டு சர்ஜன்களுக்கு நன்றாகத் தெரிந்த தலைவலி இது! பெரும்பாலும் கருவியைக் கழுவிய தண்ணீரில் வந்த என்.டி.எம். சரியான மருந்து கொடுத்தாலும் குணமாக மாசக்கணக்கு ஆகும். அப்படி ஒரு கசிவு இருந்தால் "என்.டி.எம். கல்ச்சர் பார்க்கலாமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்!

நுரையீரலுக்குள் போனால் அசல் காசநோய் மாதிரியே இருமல், சளி, இளைப்பு. சளியைச் சாயம் போட்டுப் பார்த்தால் இதுவும் சிவப்பு, அதுவும் சிவப்பு! காசநோய் மாத்திரை கேட்கவில்லையே என்று பார்த்தால் ஆளே வேறு. சளியில் கிருமி நின்ற பிறகும் 12 மாசம் மருந்து தொடர வேண்டும்!

வலிக்காத புண் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஆப்பிரிக்காவில் உள்ளங்கை அகலத்துக்குக் குழி விழும் புரூலி புண். உகாண்டாவின் புரூலி என்ற ஊர்ப்பகுதியின் பேர். மைக்கோபாக்டீரியம் அல்சரன்ஸ் கக்கும் விஷம் தோலைத் தின்றபடியே வலியையும் அணைத்துவிடும்! அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்ற காலம் போய், 8 வாரம் 2 மருந்தில் குணம். ஆஸ்திரேலியாவில் இதைப் பரப்புவது கொசு!

இருப்பதிலேயே முரடன் மைக்கோபாக்டீரியம் அப்செசஸ். லண்டனில் 15 வயதுப் பெண். 2 நுரையீரலும் மாற்றியபின் இந்தக் கிருமி உடம்பு முழுக்கப் பரவியது. ஆன்டிபயாடிக் எல்லாம் தோற்றது. கடைசியில் கிருமியைத் தின்னும் 3 வைரஸ்களைக் கலந்து ஏற்றினார்கள். தேறினாள்! 2019-ல் உலகமே வியந்தது. அந்த மூன்றில் ஒன்று எங்கே கிடைத்தது தெரியுமா? தென் ஆப்பிரிக்காவில் ஓர் அழுகிய கத்தரிக்காயின் அடியில்! அதற்கு வைத்த பேர் 'மடி'. சேறு என்று அர்த்தம்!

பங்காளி எப்போதும் எதிரிதானா? இல்லவே இல்லை! தொழுநோய்க்கு இந்தியாவில் செய்த தடுப்பூசிகள் இரண்டு, இரண்டுமே இந்த என்.டி.எம். பங்காளிகளைக் கொன்று செய்தவை! ஒன்று மும்பையில் உருவான ஐ.சி.ஆர்.சி. இன்னொன்று பேராசிரியர் தல்வாரின் எம்.டபிள்யூ. பிற்பாடு அவர் பேரையே சேர்த்து மைக்கோபாக்டீரியம் இண்டிகஸ் பிரானி ஆனது. தோல் டாக்டர்கள் அதை இப்போது மருவுக்குள் ஊசியாகப் போடுகிறார்கள், மரு உதிர்கிறது!

அந்தத் தடுப்பூசிகளை ஒப்பிட்ட பெரிய சோதனை நடந்தது எங்கே? அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், 1,71,400 பேர் கை நீட்டினார்கள்! ஐ.சி.ஆர்.சி. கொடுத்த பாதுகாப்பு 65.5 சதவீதம். தோளில் தழும்பு போடும் நம் பி.சி.ஜி.க்கும் 34 சதவீதம். காசநோய்க்குப் போட்ட ஊசி தொழுநோயையும் தடுக்கிறது!

ஆனால் அதே மண்ணில் 1968-ல் தொடங்கிய இன்னொரு சோதனையில் 3,60,000 பேர் சேர்ந்தார்கள். பி.சி.ஜி. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுத்ததா? துளியும் இல்லை! உலகமே அதிர்ந்தது. விஞ்ஞானிகள் சொன்ன காரணங்களில் ஒன்று: நம் மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள பங்காளிக் கிருமிகள் ஏற்கெனவே உடம்பைப் பழக்கிவிட்டனவாம். ஊசி போட்டும் புதிதாகப் பலன் இல்லை!

எத்தனை பழைய நோய்? ராஜஸ்தானின் பாலாத்தல் கிராமத்தில் தோண்டி எடுத்த ஓர் எலும்புக்கூட்டில் தொழுநோயின் தடம். வயது 4,000 வருஷம்!

12-ம் நூற்றாண்டு ஜெருசலேம். பையன்கள் ஒருவர் கையை ஒருவர் நகத்தால் கிள்ளி விளையாடுகிறார்கள். எல்லாரும் கத்த, ஒருவன் மட்டும் சும்மா நிற்கிறான். வீரன் என்று நினைத்த ஆசிரியர் கையைப் பிடித்துப் பார்த்தார். உணர்ச்சியே இல்லை! அவன் இளவரசன் பால்ட்வின். 13 வயதில் ராஜா. 16 வயதில், நோயோடு, சலாதீனின் படையை முறியடித்தான்!

ஹவாயின் மோலோகாய் தீவுக்கு 1866 முதல் நோயாளிகளை நாடு கடத்தினார்கள், மொத்தம் சுமார் 8,000 பேர். அவர்களோடு வாழப் போனவர் பாதிரியார் டேமியன். ஒரு நாள் கொதிக்கும் தண்ணீரில் காலை வைத்தார். கொப்புளம் வந்தது, சுடவில்லை. தனக்கும் வந்துவிட்டது என்று அந்த நொடியில் தெரிந்துகொண்டார்!

இலங்கையில் ஹெந்தளை தொழுநோய் ஆஸ்பத்திரி டச்சுக்காரர்கள் 1708-ல் கட்டியது. 300 வருஷம் தாண்டிவிட்டது! மட்டக்களப்பு வாவிக்கு நடுவே மாந்தீவு. அங்கேயும் தோணியில் கொண்டுபோய்த்தான் விட்டார்கள்.

வெள்ளைக்காரன் 1898-ல் போட்ட தொழுநோயாளிகள் சட்டத்தை இந்தியா எப்போது ரத்து செய்தது? 2016! தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்க முடியாது என்று 5 சட்டங்களைத் திருத்தியது எப்போது? 2019! அந்த 3 மருந்தையும் சேர்த்துக் கொடுத்து நோயைக் குணமாக்கத் தொடங்கி 37 வருஷம் கழித்து!

பசுமைப் புரட்சி எம்.எஸ். சுவாமிநாதனைத் தெரியும். தொழுநோயை ஒழிக்க வழி சொன்ன 1981-ம் வருஷ அரசுக் குழுவுக்குத் தலைவரும் அந்தக் கும்பகோணத்துக்காரர்தான், தெரியுமா? 1983-ல் தேசிய தொழுநோய் ஒழிப்புத் திட்டம் பிறந்தது!

1985-ல் உலகில் பதிவான நோயாளிகள் 52 லட்சம். 2023-ல் புதிதாகக் கண்டுபிடித்தவர்கள் 1,82,815 பேர். அதில் பாதிக்கு மேல் இந்தியாவில்! 2024-ல் ஜோர்டான் முதல் நாடாக முற்றிலும் ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று வாங்கிவிட்டது!

கடைசியாக என் பொக்கிஷம். 2001-ல் தொழுநோய்க் கிருமியின் மரபணு முழுவதையும் படித்து முடித்தார்கள். உள்ளே பார்த்தால் பாழடைந்த வீடு! செத்துப்போன மரபணுக்கள் மட்டும் 1,116. தட்டில் வளர மறுக்கும் கிருமிக்குத் தனியாக வாழத் தேவையான சாமான் பாதி இல்லை! அந்தக் கிருமி யாருடையது? பெயர் தெரியாத ஒரு நோயாளியின் தோலிலிருந்து எடுத்து, அர்மடில்லோவில் வளர்த்தது. உலகில் எந்த ஆய்வுக்கூடம் புதிய தொழுநோய்க் கிருமியைப் பிடித்தாலும் அந்த ஒருவரின் கிருமியோடு வைத்துத்தான் ஒப்பிடுகிறது. அந்த ரகத்தின் பேர் 'டி.என்.' ஆமாம், தமிழ்நாடு! மொத்தம் 32,68,203 எழுத்து!